வால்கேஷ்வர் ஏற்றத்தில் தெரிந்துவிடும் வாடகை சைக்கிளின் லட்சணம்

மும்பை சமதள ஊர் என்று நினைத்துத்தான் விடுமுறைக்கு வரும் பலர் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள். மரீன் டிரைவைப் பொறுத்தவரை அது சரி. நரிமன் பாயின்ட்டிலிருந்து கிர்காவ் சௌபாட்டி வரை 3.6 கிலோமீட்டர், பாய் விரித்தது போல ஒரே மட்டம். சௌபாட்டியைத் தாண்டி வால்கேஷ்வர் சாலை கடலை ஒட்டி வளைந்து மலபார் ஹில்லில் ஏறத் தொடங்கும் இடத்தில்தான் கடைக்காரர் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது என்ன வண்டி என்பது தெரியவரும். உயரம் என்னவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர்தான். ஏற்காட்டோடு ஒப்பிட்டால் இது மேடே இல்லை. ஆனால் செயினில் உப்புத்துரு ஏறி, முன் கியர் மாறாமல் இறுகிக் கிடக்கும் வண்டியில் இந்த 50 மீட்டர் போதும், முட்டியைப் பதம் பார்க்க.

இந்த ஏற்றத்தைத் தவிர்க்கக் கார்களுக்கு இருக்கும் குறுக்குவழி சைக்கிளுக்குக் கிடையாது. 2024இல் திறக்கப்பட்ட கடலோரச் சாலையில் மலபார் ஹில்லுக்கு அடியில் 2 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கம் இருக்கிறது. கார்கள் மலையைக் குடைந்து போய்விடும். சைக்கிளுக்கும் பைக்குக்கும் அதில் அனுமதி இல்லை. 2009இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடல் பாலம், ஈஸ்டர்ன் ஃப்ரீவே, அடல் சேது, முகமது அலி சாலைக்கு மேலே போகும் ஜே.ஜே. மேம்பாலம் எல்லாவற்றிலும் இருசக்கர வண்டிக்குத் தடை. கூகுள் மேப் கார் வழியைக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்தால் பாலத்தின் வாயிலில் காவலர் திருப்பி அனுப்புவார். மேப்பில் நடப்பவர் வழியை வைத்துக்கொண்டு, ஒருவழிச் சாலைகளை மட்டும் பார்த்துப் போவது நல்லது.

மும்பையில் சைக்கிள் நான்கு விதமாகக் கிடைக்கிறது. ஆப்பில் பூட்டைத் திறக்கும், கியர் இல்லாத வண்டி ஒன்று. கடைகளில் நாள் கணக்கில் தரும் கியர் வண்டி இன்னொன்று. தடித்த டயர் போட்ட ஃபேட் பைக்கையும் சில கடைகள் முன்வாசலில் நிறுத்தி ஆசை காட்டுகின்றன. கடைசியாக, விடியற்காலையில் கொலாபா, ஃபோர்ட் பக்கம் வழிகாட்டியோடு கூட்டமாகப் போகும் சுற்றுலா. நான்கில், மேடும் கடலும் சேர்ந்த மும்பையைச் சொந்தமாகச் சுற்றிப் பார்க்க ஏற்றது இரண்டாவதுதான். அதிலும் முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம் உள்ள ஹைப்ரிட் வண்டி, அதாவது சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ரகம்.

காரணம் பல் கணக்கில் இருக்கிறது. நம் ஊர் பால்காரர் வண்டி மாதிரியான சாதாரண சைக்கிளில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18 பல் இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதிக்க வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதளத்தில் இது அருமை: நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 19 கிலோமீட்டர் வேகம். மேட்டில் வேகம் 8 கிலோமீட்டருக்கு இறங்கும்போது நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று உடம்புப் பாரத்தையே இறக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரம் முழுக்க முட்டியில் விழும். ஹைப்ரிட்டில் முன் சின்னப் பல்சக்கரத்தில் 24 பல், பின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்று போட்டால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே 60 சுற்றில் 6.7 கிலோமீட்டர் வேகம். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே மேலே போய்ச் சேரலாம்.

ஃபேட் பைக் வேண்டாம். படத்தில் நன்றாக இருக்கும். நாலு அங்குல டயர் சிமென்ட் சாலையில் ஒட்டிக்கொண்டு இழுக்கும், வண்டியின் எடையும் அதிகம். கடற்கரை மணலில் ஓட்டலாம் என்பதற்காக எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: உப்பு மணல் செயினுக்குள் புகுந்தால் அடுத்த ஏற்றத்தில் கரகரவென்று அரைபடும். குலுக்கலைத் தாங்க முன் சக்கரத்தில் போடும் மலிவான ஷாக்கும் அதே ரகம்தான். எடையும் கூடும். எழுந்து மிதிக்கும்போது நம் பலத்தில் ஒரு பகுதியை அது மேலும் கீழும் ஆடியே தின்றுவிடும். ஷாக் இல்லாத, 35 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைப்ரிட்டைக் கேளுங்கள். அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்கு மட்டும் மிதிக்கும்போது உதவும் மின் சைக்கிள் நல்ல தேர்வு. சார்ஜ் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தால் அதைவிடக் கனமான வண்டி வேறில்லை.

இனி கடையில் செய்ய வேண்டிய சோதனை. பத்து நிமிடம் ஆகும், முகம் சுளிக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

முதலில் பிரேக். இந்தியாவில் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். சில வண்டிகளில் மாற்றி இருக்கும். இறக்கத்தில் போய்க் கண்டுபிடிக்கும் விஷயமல்ல இது, கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பாமல் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் பிரேக் போதாது. லீவரை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டிலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிறகு குனிந்து பிரேக் கட்டையைப் பாருங்கள். அதில் குறுக்கே கோடுகள் வெட்டியிருக்கும். கோடு மறைந்து மழமழவென்று இருந்தால் தேய்ந்துவிட்டது. கோடு இருந்தும் கட்டை பளபளவென்று கண்ணாடி போல மின்னினால் கடல் காற்றிலும் வெயிலிலும் ரப்பர் இறுகிவிட்டது என்று அர்த்தம். அது ரிம்மைப் பிடிக்காது, கீச்சென்று சத்தம் மட்டும் போடும். ஒரு துண்டு உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் புது ரப்பர் வெளியே வந்துவிடும். கேபிள் தளர்ந்திருந்தால் லீவர் பக்கத்தில் இருக்கும் சின்ன உருளைத் திருகை இடப்பக்கமாக, வெளியே வருகிற மாதிரி, இரண்டு சுற்றுத் திருப்பினால் இறுகும்.

அடுத்தது கியர். கடைக்காரர் வண்டியைத் தூக்கிப் பின் சக்கரத்தைச் சுற்றி, வலது கை ஷிஃப்டரை மட்டும் மாற்றிக் காட்டுவார். நாம் பார்க்க வேண்டியது இடது கை ஷிஃப்டர். வாடகைக்கு எடுப்பவர்கள் முன் சின்னப் பல்லைத் தொடுவதே இல்லை என்பதால் அந்தக் கேபிள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். மேட்டில் தேவைப்படுவதும் அந்தப் பல்தான். 'ஆகேவாலா கியர் சோட்டே மே டாலோ' (முன் கியரைச் சின்னதில் போடுங்கள்) என்று சொல்லி, செயின் 24 பல் சக்கரத்துக்கு இறங்குவதையும் திரும்ப ஏறுவதையும் கண்ணால் பாருங்கள்.

அப்படியே பின்னால் போய் நின்று, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவியான டெரெயிலரைப் பாருங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி காற்றில் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான். அது உள்பக்கம் வளைந்திருந்தால், மேட்டில் பின் பெரிய பல்லுக்கு மாற்றும் நேரம் பார்த்துச் செயின் பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழும். செயின் அறும், அல்லது கம்பி அறும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்க்கும்போது மேல் உருளையும் கீழ் உருளையும் பின் பல்லுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம், சரிசெய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

டயர் காற்று 35 மில்லிமீட்டர் டயருக்கு 55 பிஎஸ்ஐ போதும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஒப்புக்கொள்வது போதாது, கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். வால்வு பைக் வால்வு போலத் தடித்ததாக இருந்தால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய ப்ரெஸ்டா வால்வாக இருந்தால் சின்ன பித்தளை அடாப்டரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு உபரி டியூப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் இரண்டு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி இவ்வளவும் இருந்தால் நாள் ஓடிவிடும். சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து அது கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். மேட்டில் முட்டி வலிப்பதற்கு மற்றொரு முக்கியக் காரணம் தாழ்ந்த சீட்.

வாடகை நேரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைகள் காலை 10 மணிக்கு மேல்தான் திறக்கும். ஒரு நாள் வாடகை என்று 10 மணிக்கு எடுத்து மாலை 8க்குத் திருப்பினால், கொளுத்தும் வெயிலும் அலுவலக நெரிசலும்தான் கைக்குக் கிடைக்கும். மாலையில் எடுத்து மறுநாள் மாலை தருவதாக 24 மணி நேரக் கணக்குப் பேசுங்கள். மாட்டுங்காவிலோ சயனிலோ செம்பூரிலோ உறவினர் வீட்டில் தங்குபவர்கள் இரவு வண்டியை வீட்டு வாசலில் பூட்டி வைத்துவிட்டு, அதிகாலை 5.30க்குப் புறப்படலாம். மும்பையில் டிசம்பர், ஜனவரியில் சூரியன் 7 மணி வாக்கில்தான் உதிக்கும். சென்னைக் கணக்கை இங்கே போட முடியாது. எனவே முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். பெரும்பாலான கடைகள் ஹெல்மெட் தரும், விளக்குத் தராது.

நாங்கள் சிபாரிசு செய்யும் வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தொடங்கி, ஃபைவ் கார்டன்ஸ் வழியாக தாதர் டிடி, பிறகு அம்பேத்கர் சாலையில் பரேல், லால்பாக், பைகுலா. மேம்பாலங்களில் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே போங்கள். அந்த நேரத்தில் உங்களுக்குத் துணை, கேரியரில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பாம் பாம் என்று ரப்பர் ஹாரன் அடித்துப் போகும் நம் அண்ணன்மார்தான். தாராவி, சயன் பக்கமிருந்து கிளம்பும் அவர்கள் ஓட்டும் விதத்தைக் கவனியுங்கள். நிறுத்தி வைத்த டாக்ஸியிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுவார்கள். டாக்ஸிக் கதவு எந்த நொடியும் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெஸ்ட் எனப்படும் மாநகரப் பஸ் நிறுத்தத்தை நோக்கி இடப்பக்கம் ஒதுங்கும்போது இடையில் நுழையக் கூடாது, பின்னால் நின்றுவிட வேண்டும்.

சாலையில் வேறு இரண்டு எதிரிகள். சிமென்ட் சாலையில் இரண்டு பலகைகள் சேரும் நீளவாட்டு இடுக்கு ஒன்று. மழைநீர்ச் சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பி மூடி இன்னொன்று. கம்பிகள் குறுக்காக இருந்தால் பயமில்லை. நாம் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் 35 மில்லிமீட்டர் டயர் அப்படியே உள்ளே இறங்கி, ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார். அதனால்தான் சாலையின் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள் என்கிறோம். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் விட்டு ஓட்டுவது மும்பையில் பாதுகாப்பு.

சிஎஸ்எம்டி ரயில் நிலையம், ஹார்னிமன் சர்க்கிள், கேட்வே ஆஃப் இந்தியா, 1875இல் கட்டிய மீன்பிடித் துறையான சசூன் டாக் வரை ஃபோர்ட்-கொலாபா பகுதி முழுக்கச் சமம். ஞாயிறு காலை 7 மணிக்குள் இதைப் பார்ப்பதுபோல வேறு எந்த நேரத்திலும் பார்க்க முடியாது. அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே சாலை காலி. சசூன் டாக் வாசலோடு திரும்பிவிடுங்கள். உள்ளே மீன் தண்ணீரில் டயர் வழுக்கும். ஜனவரி மூன்றாம் ஞாயிறு மட்டும் வேண்டாம், மாரத்தானுக்காக மரீன் டிரைவ் அடைத்திருக்கும்.

அங்கிருந்து மரீன் டிரைவ் வழியாக வரும்போது, சௌபாட்டி சிக்னலுக்கு முன்பே, சமதளத்தில் இருக்கும்போதே, முன் கியரைச் சின்னப் பல்லுக்கு இறக்கிவிடுங்கள். மேட்டில் பாரம் கொடுத்து மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் இறுகி நிற்கும். இறங்காது, இறங்கினாலும் பல்லைத் தாண்டிக் கீழே விழும். வால்கேஷ்வர் சாலை தீன் பத்தி சந்திப்பு வரை நீளமாக, சீராக ஏறும். அங்கே இடப்பக்கம் திரும்பிப் பாணகங்கா. சிலாஹர அரசர்கள் காலத்தில், 1127இல் வெட்டிய குளம். நாலு பக்கமும் படிக்கட்டு, வாத்துகள், சுற்றிலும் கோவில்கள். நம் ஊர்க் கோவில் குளக்கரையில் உட்கார்ந்த நிம்மதி இங்கே கிடைக்கும். சந்து குறுகல், படிகள் செங்குத்து. சைக்கிளை மேலே சாலையோரக் கம்பத்தில் பூட்டிவிட்டு நடந்து இறங்குங்கள். கடைக்காரர் தரும் சுருள் கேபிள் பூட்டு மெல்லியது. அதை முன் சக்கரத்தில் மட்டும் மாட்டாமல் ஃப்ரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு கட்டுங்கள்.

தீன் பத்தியிலிருந்து ரிட்ஜ் சாலை, இப்போதைய பெயர் பி.ஜி. கேர் மார்க், தொங்கும் தோட்டத்துக்கு ஏறுகிறது. 1881இல் குடிநீர்த் தேக்கத்தின் மேல் அமைத்த தோட்டம். எதிரே கமலா நேரு பூங்காவிலிருந்து மரீன் டிரைவின் வளைவு முழுக்கத் தெரியும். ஏறி வந்த தூரத்தைக் கண்ணால் அளக்க அதைவிட நல்ல இடமில்லை. வழியில் அமைச்சர் மாளிகைகளின் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள், காவலர்கள் விரட்டுவார்கள்.

கெம்ப்ஸ் கார்னருக்கு இறங்கும்போது உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்தியே இருந்தால் கட்டை சூடாகிப் பிடி குறையும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கடை வாசலில் பின் சக்கரம் எழும்பியபோதே பார்த்திருப்பீர்கள். கீழே வந்ததும் இரண்டு வழி. பெடர் சாலை கும்பாலா ஹில்லில் இன்னொரு முறை ஏறும், வேகமான கார்கள். ப்ரீச் கேண்டி வழியாகப் போகும் புலாபாய் தேசாய் சாலை கடலை ஒட்டி மகாலட்சுமி கோவிலுக்கும் ஹாஜி அலிக்கும் கொண்டுபோய் விடும். இரண்டாவதையே எடுங்கள். அப்புறம் வொர்லி கடற்கரைச் சாலை, பிரபாதேவி, சிவாஜி பார்க், தாதர் திலக் பாலம் ஏறி மாட்டுங்கா.

அதிகாலையில் கிளம்பச் சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். மதியம் கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசும். வொர்லியில் வடக்கு நோக்கிப் போகும்போது அது முகத்தில் அறையும். காலை 10 மணிக்குள் அதைத் தாண்டிவிட்டால் தொந்தரவு இல்லை. தண்ணீர் மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது, மும்பை வியர்வை சாதாரண வியர்வை அல்ல.

திரும்பி வந்து சாப்பிட மாட்டுங்காவைவிட நல்ல இடம் எது? 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸில் ஞாயிறு காலை வரிசை நீளம், திங்கள் விடுமுறை. ரயில் நிலையம் அருகே 1942இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பியில் மதியம் வாழையிலைச் சாப்பாடு. 40 கிலோமீட்டர் மிதித்த பசிக்கு இதுதான் சரி.

இரண்டாவது நாள் இருந்தால் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. வாசலிலிருந்து கன்ஹேரி குகைகளுக்குக் காட்டுக்குள் 6, 7 கிலோமீட்டர் தார்ச்சாலை. கடைசிப் பகுதிதான் செங்குத்து. உள்ளேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் பல கைகள் மாறிய வண்டிகள் என்பதால் மேலே சொன்ன பிரேக் சோதனையை இங்கே இரண்டு தடவை செய்யுங்கள். குரங்குகள் கேரியரில் இருக்கும் பையைக் குறிவைக்கும். திங்கட்கிழமை பூங்கா மூடியிருக்கும். நகர எல்லைக்குள் சைக்கிளில் ஏற இதைவிட நல்ல ஏற்றம் இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஹாரன் சத்தம் இல்லாத ஏற்றம் மும்பையில் வேறெங்கே கிடைக்கும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை சைக்கிள் எடுக்காதீர்கள். ஈர ரிம்மில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும்; பள்ளங்களும் திறந்த சாக்கடையும் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏற்றம் அறிவித்த நாளில் மரீன் டிரைவ் சுவரைத் தாண்டி அலை சாலையில் விழும். 2020 ஆகஸ்ட் மழையில் மலபார் ஹில் சரிவே பெயர்ந்து கீழ்ச்சாலையில் விழுந்தது. பிள்ளையார் சதுர்த்தி பத்து நாளும் லால்பாக் பக்கம் சக்கரம் நுழையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள்.

வண்டியை எடுக்கும்போதே ஃப்ரேம், இரண்டு ரிம், டெரெயிலர், ஃப்ரேம் எண் இவற்றைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்து அவருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். அசல் ஆதாரை அடமானமாகக் கேட்கும் கடையில் நகல் மட்டும் கொடுங்கள், வேண்டுமானால் முன்பணம் கூடுதலாகக் கட்டுங்கள். பஞ்சர் செலவு யாருடையது, கம்பி அறுந்தால் யாருடையது என்பதை வாடகைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடை, மாலையில் எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் எழுதும்.